இந்தப் பருவம் முடியட்டும்

சத்துவாச்சாரியில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பை அடுத்த திடலில் ஞாயிறு மாலைகளில் சிறுவர்கள் கால்பந்து ஆடுவார்கள். வேலூர் வெயிலுக்குத் தப்பிய புல் ஒன்றுகூட அங்கில்லை. செங்கற்களே கோல் கம்பங்கள். சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓடும் வண்டிகளின் இரைச்சல் நெடுஞ்சாலையிலிருந்து ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். மாலைத் திருப்பலிக்குச் செல்லுமுன் அந்தத் திடலின் ஓரத்தில் சற்று நின்று பார்ப்பது என் வழக்கம்.

அண்மையில் ஒரு நாள், பன்னிரண்டு வயதிருக்கும் சிறுவன் ஒருவன் பின்களத்தில் ஆடிக்கொண்டிருந்தான். எளிதாக உருண்டு வந்த பந்து அவன் கால்களுக்கிடையே புகுந்து கோலுக்குள் போயிற்று. அவன் அணி அன்று வாங்கிய நான்காவது கோல் அது. உடனே நாலா பக்கமிருந்தும் ஏச்சுக் கிளம்பியது. ஓரத்தில் நின்றிருந்த அவன் தந்தை, "நீயெல்லாம் எதுக்குடா பேக் ஆடற? வெளியே வா!" என்று உரக்கக் கத்தினார். வாரத்தில் ஆறு நாள் காலணித் தொழிற்சாலையில் நின்றபடியே உழைத்துவிட்டு, ஓய்வு நாளில் மகனின் ஆட்டத்தைக் காண வந்தவர் அவர். அவருடைய அன்பில் குறைவில்லை. ஆயினும் சிறுவனின் முகம் வாடிவிட்டது.

அப்போது ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் ஓடிச்சென்று அவன் தோளில் கைவைத்தார். "விடு தம்பி, அடுத்த பந்தைப் பாரு. நீ இங்கேயே நில்லு," என்றார். ஆட்டம் தொடர்ந்தது.

அந்த இளைஞர் யார் என்பதைக் கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன். அதற்குமுன், தோற்றுக்கொண்டிருக்கும் ஓர் அணியின் பின்கள வீரர்களிடம் நாம் ஏன் பொறுமை காட்டவேண்டும், அந்தப் பொறுமை எத்தகையது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

எண்ணப்படாத உழைப்பு

கால்பந்தில் முன்கள வீரர் பத்து முறை முயன்று ஒன்பது முறை தவறினாலும், பத்தாவது முறை பந்தைக் கோலுக்குள் செலுத்திவிட்டால் அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடுகிறோம். பின்கள வீரரின் நிலை இதற்கு நேர்மாறானது. ஒன்பது பந்துகளைத் தடுத்துவிட்டுப் பத்தாவதைத் தவறவிட்டால், அந்த ஒன்றே அனைவர் நினைவிலும் நிற்கும். விழுந்த கோலுக்குக் கணக்குண்டு. விழாமற்போன கோலை எந்தப் பலகையில் எழுதுவது?

நம் இல்லங்களிலும் இப்படித்தான் நடக்கிறது. உப்புக் குறைந்த நாளன்றுதான் சமையலைப் பற்றி வாய் திறக்கிறோம். உப்புச் சரியாயிருந்த முந்நூற்று அறுபத்து நான்கு நாள்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மேலும், கோல் ஒன்று விழுவதற்கான காரணம் பெரும்பாலும் கோலருகே பிறப்பதில்லை. நடுக்களத்தில் ஒருவர் பந்தைப் பறிகொடுக்கிறார். திரும்பி ஓடிவர வேண்டிய மற்றொருவர் இடுப்பில் கைவைத்து நின்றுவிடுகிறார். பக்கவாட்டில் வழி திறந்துவிடுகிறது. இத்தனைக்கும் பிறகு இரண்டு பேரை ஒருவராய் எதிர்கொள்ளும் கடைசி வீரர் தடுமாறுகிறார். நாம் காண்பதோ அவரது தடுமாற்றத்தை மட்டும். காலணித் தொழிற்சாலையில் பணியாற்றுவோருக்கு இது எளிதில் விளங்கும். இறுதிப் பரிசோதனையில் ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டால், கடைசியாக அதைக் கையில் வைத்திருந்தவரே பதில் சொல்ல நேருகிறது. அந்தக் குறை தைத்தவரிடமோ, வெட்டியவரிடமோ, ஏன், மாடு உயிரோடிருந்தபோது உண்ணி கடித்த வடுவிலோகூடத் தொடங்கியிருக்கலாம்.

நால்வர் ஒருவராவது

பின்கள ஆட்டத்தின் நுட்பம் அதன் கூட்டுறவில் இருக்கிறது. 'ஆஃப்சைடு' விதியை எடுத்துக்கொள்வோம். எதிரணியின் பாதியில் இருக்கும் தாக்குதல் வீரரை நோக்கிப் பந்து அனுப்பப்படும் நொடியில், அவர் பந்தையும், எதிரணியின் கடைசி வீரருக்கு முந்திய வீரரையும் தாண்டிக் கோல் எல்லைக்கு நெருக்கமாக நிற்கலாகாது. ஆகவே பின்கள வீரர்கள் நால்வரும் ஒரே நேரத்தில் முன்னேறினால் தாக்குதல் வீரர் அந்த வலையில் சிக்குவார். ஒருவர் மட்டும் ஒரு நொடி பிந்தினாலோ, வலை முழுவதும் அறுந்துபோகும். மற்ற மூவரும் சரியாகச் செய்தும் கோல் விழும்.

அந்த ஒரு நொடி ஒற்றுமையைப் பேச்சால் கற்பிக்க இயலாது. பக்கத்தில் நிற்பவர் எப்போது முன்னே செல்வார், எப்போது பின்வாங்குவார், எந்தக் காலால் உதைப்பார் என்பதெல்லாம் பல நாள் சேர்ந்து ஆடி அறியவேண்டியவை. இத்தாலியின் மிலான் அணியில் தசோத்தி, பரேசி, கோஸ்தகுர்த்தா, மல்தீனி என்ற நால்வர் பல ஆண்டுகள் ஒன்றாக ஆடினார்கள். 1993–94 பருவத்தில் அந்த அணி தன் நாட்டு லீக்கின் 34 ஆட்டங்களில் 15 கோல்கள் மட்டுமே விட்டுக்கொடுத்துப் பட்டம் வென்றது. அது ஒரு வாரத்தில் விளைந்த பயிரன்று.

ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் பின்கள வீரர்களை மாற்றிக்கொண்டிருக்கும் அணி, ஒவ்வொரு வாரமும் முதல் பாடத்தையே மீண்டும் படிக்கத் தொடங்குகிறது. இதை நான் நூலில் படித்து அறியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் பங்குகளுக்கிடையே நடந்த ஒரு தொடரில், எங்கள் இளைஞர் அணியின் பொறுப்பு என்னிடம் இருந்தது. பாதித் தொடர் முடிவதற்குள் மூன்று ஆட்டங்களில் தோற்றோம். அதற்குப் பின்களத்தில் ஆடிய பதினாறு வயது மாணவன் ஒருவனே காரணம் என்று பலரும் சொன்னார்கள். நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். எல்லார் முன்னிலையிலும் அவனை வெளியே உட்காரச் சொன்னேன். பின்வரிசை முழுவதையும் கலைத்துப் புதிதாக அமைத்தேன். அடுத்த ஆட்டத்தில் முன்னிலும் அதிகமான கோல்கள் வாங்கினோம். அந்த மாணவனோ திடலுக்கு வருவதையே விட்டுவிட்டான். சில வாரங்களில் அவனை ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலும் காணவில்லை.

கடைசி இடத்திலிருந்து

2015-ஆம் ஆண்டின் இந்தியன் சூப்பர் லீக் போட்டிகளை நம் வாசகர்கள் பலர் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். எட்டு அணிகள், ஒவ்வோர் அணிக்கும் பதினான்கு ஆட்டங்கள், முதல் நான்கு இடங்களைப் பெறும் அணிகளுக்கு அரையிறுதி வாய்ப்பு. அக்டோபர் 3-ஆம் நாள், தன் சொந்த ஊரில் நடந்த முதல் ஆட்டத்திலேயே சென்னையின் எஃப்.சி. அணி, அட்லெடிகோ டி கொல்கத்தா அணியிடம் 2–3 என்று தோற்றது. அதன்பின் சில வெற்றிகள், பல தோல்விகள். பத்து ஆட்டங்கள் முடிந்தபோது பட்டியலின் கடைசி இடத்தில் சென்னை நின்றது. எஞ்சியிருந்தவை நான்கே ஆட்டங்கள்.

அந்நிலையில் அணியைக் கலைத்துப்போடச் சொல்வது எளிது. ஆனால் பயிற்சியாளர் மார்கோ மத்தெராத்சியின்மீது நிர்வாகம் வைத்த நம்பிக்கை நீடித்தது. எஞ்சிய நான்கு ஆட்டங்களிலும் சென்னை தொடர்ந்து வென்று, மூன்றாம் இடம் பெற்று அரையிறுதிக்குள் நுழைந்தது. அதே டிசம்பரின் தொடக்கத்தில்தான் சென்னை மாநகரம் பெருவெள்ளத்தில் மூழ்கியது. அரையிறுதியின் முதல் ஆட்டத்தைச் சொந்தத் திடலில் நடத்த இயலாமல் புனே நகருக்கு மாற்றினார்கள். அங்கே தன் கோலுக்குள் ஒரு பந்தையும் விடாமல் 3–0 என்று சென்னை வென்றது. எதிரணி, முதல் நாளில் தன்னைத் தோற்கடித்த அதே கொல்கத்தா. மறு ஆட்டத்தில் 1–2 என்று தோற்றும், மொத்தக் கணக்கில் 4–2 என்று முன்னேறியது.

டிசம்பர் 20-ஆம் நாள் கோவாவின் ஃபதோர்டா அரங்கில் இறுதி ஆட்டம் நடந்தது. 87-ஆம் நிமிடத்தில் கோவா அணி 2–1 என்று முன்னிலை பெற்றது. எல்லாம் முடிந்ததென்று பலர் எழுந்துவிட்ட வேளையில், 90-ஆம் நிமிடத்தில் ஒரு கோலும், கூடுதல் நேரத்தில் ஸ்டீவன் மென்டோசா அடித்த மற்றொரு கோலும் சேர்ந்து 3–2 என்ற வெற்றியைச் சென்னைக்குத் தந்தன.

இங்கே நாம் மறக்கலாகாத ஒன்றுண்டு. 90-ஆம் நிமிடத்துக் கோல், கோவாவின் கோல் காப்பாளர் லட்சுமிகாந்த் கட்டிமணியின் கணக்கிலேயே தன் கோலாக எழுதப்பட்டது. அதே ஆட்டத்தில் மென்டோசாவின் பெனால்டி உதையைத் தடுத்தவரும் அவரே. தடுத்ததை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

குற்றமிழைத்தவரே ஈடு செய்தார்

சென்னையின் பயிற்சியாளராக இருந்த மத்தெராத்சியும் ஒரு காலத்தில் பின்கள வீரர்தாம். 2006 உலகக் கோப்பையில் இத்தாலியின் பின்களத்தில் முதன்மையாக இருந்த நெஸ்தா காயமுற்றதால் அவருக்கு இடம் கிடைத்தது. ஜூலை 9-ஆம் நாள் பெர்லினில் பிரான்சுக்கு எதிரான இறுதி ஆட்டம். ஏழாம் நிமிடத்திலேயே அவர்மீது தவறு சாற்றப்பட்டது. பிரான்சுக்குப் பெனால்டி கிடைத்தது. சிதான் அதைக் கோலாக்கினார். உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஆட்டத்தில் இப்படி ஒரு தொடக்கம்!

பயிற்சியாளர் அவரை வெளியே அழைக்கவில்லை. பத்தொன்பதாம் நிமிடத்தில் அதே மத்தெராத்சி தலையால் முட்டிக் கோல் அடித்துச் சமன் செய்தார். பின்னர் வெற்றியை முடிவுசெய்த பெனால்டி உதைகளிலும் தம் பங்கைத் தவறாமல் நிறைவேற்றினார். அன்றைய ஆட்டத்தில் சிதானைத் தம் சொற்களால் சினமூட்டியவரும் அவரே. ஆகவே அவரைக் குறையற்றவராகக் காட்டுவது என் நோக்கமன்று. குறையுள்ளவர்களிடமே பொறுமை தேவைப்படுகிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

பொறுமை என்பது கைகட்டி நிற்பதா?

"அப்படியானால் எதையுமே மாற்றக்கூடாதா? தோற்றுக்கொண்டே இருக்கவேண்டியதுதானா?" என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

2019–20 பருவத்தில் அதே சென்னை அணி முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோலும் அடிக்கவில்லை. ஏழு கோல்கள் வாங்கியது. அம்முறை மாற்றம் நிகழ்ந்தது. பயிற்சியாளர் ஜான் கிரெகரி விலகினார். டிசம்பரில் ஓவன் காயில் பொறுப்பேற்றார். ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் பழையவர்களே. அவர்களுக்குக் கிடைத்தவை புதிய பயிற்சியும் புதிய ஊக்கமும். கடைநிலையில் தவித்த அந்த அணி நான்காம் இடத்துக்கு உயர்ந்தது. அரையிறுதியில் கோவாவை வென்றது. இறுதி ஆட்டம் வரை சென்றது. 2020 மார்ச் 14-ஆம் நாள், கொரோனா அச்சத்தால் பார்வையாளரே இல்லாத ஃபதோர்டா அரங்கில், ஏ.டி.கே. அணியிடம் 1–3 என்று தோற்றது. பொறுமை ஒவ்வொரு முறையும் கோப்பையைக் கொண்டுவருவதில்லை என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும் அந்த அணி கடந்து வந்த தொலைவை யாரும் மறுக்க முடியாது.

ஆக, பொறுமைக்கும் மாற்றத்துக்கும் பகையில்லை. காயமுற்றவருக்கு ஓய்வு தருவதும், இடம் பொருந்தாதவருக்குப் பொருந்திய இடம் காட்டுவதும் பொறுமையின் செயல்களே. பழிதீர்க்கவும், கூட்டத்தின் வாயை அடைக்கவும் ஒருவரை வெளியே தள்ளுவதுதான் பொறுமையின்மை.

நம் வட்டாரத்துத் தொழிலே இதற்குச் சான்று. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட பழைய முறையை ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளின் முதியோர் அறிவார்கள். பட்டைச் சாறு தோலுக்குள் ஊறுவதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் மேற்புறம் பதப்பட்டதுபோல் தோன்றும். நடுவிலோ பச்சைத் தோலாகவே இருக்கும். அதற்காகத் தொட்டியில் போட்டுவிட்டு மறந்துவிடவும் முடியாது. புரட்டிப் போடவேண்டும், சாற்றை மாற்றவேண்டும், தொட்டுப் பார்க்கவேண்டும். அந்தக் காத்திருப்பு முழுவதும் உழைப்பே.

ஆண்டவர் இயேசு சொன்ன அத்திமர உவமையும் இதையே உணர்த்துகிறது. மூன்று ஆண்டுகளாகக் கனி தராத மரத்தை வெட்டிவிடச் சொல்கிறார் உரிமையாளர். தோட்டக்காரர் இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார். அந்த ஓராண்டும் தாம் சும்மா இருக்கப்போவதாக அவர் சொல்லவில்லை. மரத்தைச் சுற்றிக் கொத்தி எருப் போடுவதாக வாக்களிக்கிறார். முடிவில் மரம் கனி தந்ததா என்பதை லூக்கா நற்செய்தியாளர் எழுதவில்லை. நம் கையில் இருப்பது கொத்துவதும் எருவிடுவதுமே என்று நாம் பொருள்கொள்ளலாம்.

பழிச்சொல் எங்கே கொண்டுபோய் விடும்?

இதை வெறும் விளையாட்டுப் பேச்சென்று தள்ளிவிட முடியாது. 1950 ஜூலை 16-ஆம் நாள் ரியோவில் உருகுவேயிடம் பிரேசில் 1–2 என்று தோற்றபோது, அந்தப் பழி கோல் காப்பாளர் பார்போசாவின்மீது விழுந்தது. 2000-ஆம் ஆண்டில் அவர் இறக்கும்வரை, அரை நூற்றாண்டுக் காலம், அந்தச் சுமையை அவர் சுமந்தார்.

கொலம்பியாவின் பின்கள வீரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபாருக்கு நேர்ந்தது இன்னும் கொடியது. 1994 ஜூன் 22-ஆம் நாள், அமெரிக்காவுக்கு எதிரான உலகக் கோப்பை ஆட்டத்தில், எதிரணியின் பந்தைத் தடுக்கக் கால் நீட்டினார். பந்து அவர் காலில் பட்டுத் தம் அணியின் கோலுக்குள்ளேயே சென்றது. கொலம்பியா 1–2 என்று தோற்றது. பத்து நாள் கழித்து, ஜூலை 2-ஆம் நாள், தம் சொந்த ஊரான மெதெயினில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது இருபத்தேழு. கால் நீட்டாமல் ஒதுங்கி நின்றிருந்தால் அந்தப் பழி அவருக்கு வந்திராது. கடமையைச் செய்ய முயன்றவரே அடிபட்டார்.

நம்மில் யாரும் துப்பாக்கி எடுப்பதில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் உற்சாகத்தைச் சாகடிக்கத் துப்பாக்கி வேண்டுவதில்லை; எல்லார் முன்னிலையிலும் சொல்லப்படும் ஒரு சொல் போதும்.

நம் இல்லங்களில்

புனித தொன் போஸ்கோவுக்கு ஒன்பது வயதில் வந்த கனவை நம் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருப்பார்கள். முரட்டுச் சிறுவர்களை அடித்துத் திருத்தப் பாய்ந்த அவருக்கு, அடியால் அன்று, கனிவால் அவர்களை வெல்லவேண்டும் என்று உணர்த்தப்பட்டது. பின்னாளில் தூரின் நகரில் ஏழைச் சிறுவர்களை அவர் ஒன்றுசேர்த்தபோது, செபத்துக்கும் படிப்புக்கும் தொழிலுக்கும் பக்கத்திலேயே விளையாட்டுத் திடலுக்கும் இடமளித்தார். 1952-இல் உருவான நம் வேலூர் மறைமாவட்டத்தின் முதல் ஆயர் அவருடைய சலேசிய சபையைச் சேர்ந்தவரே. 1951-இல் திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரியைத் தொடங்கியதும் அச்சபையே. ஆகவே திடலோரத்துப் பொறுமை நமக்குப் புதிய பாடமன்று. நம் முன்னோரிடமிருந்து வந்த உடைமை.

பெற்றோரே, அரையாண்டுத் தேர்வின் மதிப்பெண் பட்டியல் வீட்டுக்கு வரும் நாளை எண்ணிப் பாருங்கள். அதுவும் பருவத்தின் நடுப்பகுதிதான். கணக்கில் தவறிய மகனையும், ஆங்கிலத்தில் பின்தங்கிய மகளையும் அன்றே தீர்ப்பிட்டு ஒதுக்கிவிடுகிறோமா? அல்லது, எந்தப் பாடத்தில் வேர் காய்ந்திருக்கிறது என்று பார்த்து, அருகில் அமர்ந்து கொத்தி எருவிடுகிறோமா? குறையைச் சொல்லத்தான் வேண்டும். தனியே அழைத்துச் சொல்லுங்கள். நன்றாகச் செய்த ஒன்றையாவது முதலில் சொல்லுங்கள். பழியைக் கடைசி ஆளின் தலையில் கட்டுமுன், நாம் எங்கே பந்தைப் பறிகொடுத்தோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.

இனி நான் தர வேண்டிய கடனைத் தருகிறேன். திடலுக்கு வராமற்போன அந்த மாணவனின் வீட்டுக்கு ஒரு நாள் மாலை சென்றேன். அவன் தாய், "வாங்க சார், இப்ப அவன் யார்கிட்டயும் சரியா பேசறதே இல்ல," என்றார். அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். நெடுநேரம் அவன் தலை நிமிரவில்லை. பிறகு, "மறுபடியும் தப்புப் பண்ணினா என்ன சார் செய்வீங்க?" என்று கேட்டான். "இந்தப் பருவம் முடியும்வரை நீதான் பேக்," என்றேன். தொடரில் எஞ்சியிருந்தவை இரண்டே ஆட்டங்கள். ஒன்றில் தோற்றோம், ஒன்றைச் சமன் செய்தோம். கோப்பையின் அருகில்கூட நாங்கள் போகவில்லை.

ஞாயிறு மாலையில் அந்தச் சிறுவனின் தோளில் கைவைத்த இளைஞர் அவர்தாம். இப்போது தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். விடுமுறை நாளில் சிறுவர்களுக்கு வரிசையில் நிற்கக் கற்றுத் தருகிறார். அன்று மணி ஒலித்ததும் நான் கோவிலுக்குப் புறப்பட்டேன். திரும்பிப் பார்த்தபோது, நான்கு கோல்கள் வாங்கிய அந்தச் சிறுவன் இன்னும் தன் இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.